உலோகக் கார்டை வேண்டாம் என்று சொல்லலாமாம்: விசா, மாஸ்டர்கார்டு உடன்பாடு பற்றி ஒரு கடைக்காரனின் கேள்வி

மளிகைக்காரன் (நியூ ஜெர்சி)
14 நவம்பர் 2025, இரவு 10.40

கடையைப் பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். கண் எரிகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திங்கட்கிழமை வெளியான செய்தியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கார்டுக் கட்டணத்தை எதிர்த்துக் கடைக்காரர்கள் போட்ட பழைய வழக்கில், விசாவும் மாஸ்டர்கார்டும் அமெரிக்கக் கடைக்காரர்களோடு புதிய உடன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. கார்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரன் கட்டும் இன்டர்சேஞ்ச் கட்டணத்தில் ஐந்து வருடத்துக்கு 0.1 சதவீதப் புள்ளி குறையும். சாதாரணக் கிரெடிட் கார்டுகளுக்கு எட்டு வருடத்துக்கு 1.25 சதவீதம்தான் உச்சம். 2031க்குள் கடைக்காரர்களுக்கு 3,800 கோடி டாலர் மிச்சமாகும் என்று ஒரு கணக்கும் சொல்கிறார்கள். எல்லாம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால்தான்.

இந்த எண்களைவிட எனக்கு உறைத்தது இன்னொரு வரி. இதுவரை விசா வாங்குகிற கடை, விசா என்று அச்சிட்ட எல்லாக் கிரெடிட் கார்டையும் வாங்கியாக வேண்டும். இனி, செலவழிப்பவருக்குப் பரிசுப் புள்ளிகளை வாரி வழங்கும் உயர்ரகக் கார்டுகள் ஒரு வகை, நிறுவனக் கார்டுகள் ஒரு வகை, சாதாரணக் கார்டுகள் ஒரு வகை. வேண்டாத வகையைக் கடைக்காரன் மறுக்கலாமாம்.

நேற்று மாலை நடந்தது. வழக்கமாக வரும் ஓர் அம்மா ஒரு கட்டு கறிவேப்பிலையும் மூன்று எலுமிச்சையும் எடுத்து வந்தார். 2 டாலர் 79 சென்ட். கையில் இருந்தது உலோகக் கார்டு, அந்த உயர்ரகம். கவுன்டரில் வைத்தால் எவர்சில்வர் தட்டு வைத்ததுபோல் சத்தம் கேட்கும். நூற்றுக்கு இரண்டு டாலருக்கு மேல் ஒரு கட்டணம், அதோடு ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் 10 சென்ட், அதற்குமேல் இயந்திரம் கொடுத்த நிறுவனத்தின் பங்கு. கூட்டிப் பார்த்தால் கால் டாலர் போய்விட்டது. கறிவேப்பிலையில் எனக்கு நிற்பதே அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அதில் புள்ளி வேறு சேர்ந்தது.

இந்த உடன்பாட்டை நம்பலாமா? நம்பி, அந்த உலோகக் கார்டை நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?


பங்க்காரர் (டெக்சாஸ்)
15 நவம்பர், காலை 6.05

தம்பி, இந்த வழக்கு 2005இல் தொடங்கியபோது என் மகள் மூன்றாம் வகுப்பு. இப்போது அவளுக்கே ஒரு பையன் இருக்கிறான். நடுவில் எத்தனை 'மாபெரும் உடன்பாடு' வந்தது, எத்தனை போனது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

போன தடவை பணமாகக் கொடுத்த கதையைச் சொல்கிறேன். 2004 ஜனவரி 1 முதல் 2019 ஜனவரி 25 வரை கார்டு வாங்கிய கடைகளுக்கெல்லாம் பங்கு உண்டு என்றார்கள். நானும் அந்தப் பதினைந்து வருடமும் தேய்த்தவன்தானே என்று விண்ணப்பிக்கப் போனேன். என் பெட்ரோல் பங்கின் மேல் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது. கார்டு எல்லாம் அவர்கள் கணினி வழியாகத்தான் போகும். மாதாமாதம் கட்டணத்தை என் கணக்கில் கழித்துக்கொண்டவர்கள், நஷ்டஈடு என்று பேச்சு வந்ததும் 'கட்டியது நாங்கள்' என்றார்கள். என்னைப் போன்ற பங்க்காரர்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், எங்கள் பங்கு யாருடையது என்று கேட்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் வாரம் இரண்டு தொலைபேசி அழைப்பு. 'உங்கள் பணத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம், மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு.' நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் காசில்லாமல் விண்ணப்பிக்கக்கூடிய பணத்துக்கு இப்படி ஒரு தரகு. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும்.

நீங்கள் கடை திறந்தது எப்போது? விண்ணப்பம் போட்டீர்களா?


மளிகைக்காரன்
15 நவம்பர், காலை 7.20

2011இல் திறந்தேன் அண்ணா. அந்தக் கடிதம் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து மீன் வைக்கும் குளிர்பெட்டிக்கு அடியில் விரித்துவிட்டேன். கடைசி நாள் 2025 பிப்ரவரி 4 என்று பிறகுதான் தெரிந்தது.


வழக்குவாசகி (பாஸ்டன்)
15 நவம்பர், பகல் 1.15

பங்க் அண்ணாவின் கோபம் நியாயம். ஆனால் எல்லா உடன்பாட்டையும் ஒரே சாக்கில் கட்டினால் மளிகைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காது. நான் வழக்கறிஞர் இல்லை. சட்ட நூலகத்தில் வேலை. இந்த வழக்கின் தாள்களோடு பல வருடப் பழக்கம்.

முதலில் 1996க்குப் போக வேண்டும். வால்மார்ட்டும் வேறு சில பெரிய கடைகளும் வழக்குப் போட்டன. அப்போது 'எல்லாக் கார்டையும் வாங்கு' என்ற விதி இன்னும் கடுமை: கிரெடிட் கார்டு வாங்கினால் அதே நிறுவனத்தின் டெபிட் கார்டையும் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கியாக வேண்டும். 2003இல், விசாரணை தொடங்கும் தறுவாயில், விசா சுமார் 200 கோடி டாலரும் மாஸ்டர்கார்டு சுமார் 100 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. பணத்தைவிடப் பெரியது, டெபிட்டையும் கிரெடிட்டையும் பிரித்தது. அந்த விதி உடையக்கூடியது என்று அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2005இல் இப்போதைய வழக்கு. நாடெங்கும் போடப்பட்டவற்றை எல்லாம் சேர்த்து நியூயார்க்கின் புரூக்ளின் நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2012இல் 725 கோடி டாலர் உடன்பாடு. 2013 டிசம்பரில் நீதிபதி ஜான் கிளீசன் ஒப்புதல். டார்கெட், வால்மார்ட், ஹோம் டிப்போ போன்ற பெரியவர்கள் இது வேண்டாம் என்று விலகித் தனித்தனியாக வழக்குப் போட்டார்கள். 2016 ஜூன் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உடன்பாட்டை ரத்து செய்தது.

ஏன் ரத்து? நம் ஊர்ப் பாகப்பிரிவினையாக நினைத்துப் பாருங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வக்கீல். அண்ணனுக்கு ரொக்கம். தம்பிக்கு 'இனிமேல் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு வாக்கு. அண்ணன் பிடிக்காவிட்டால் விலகலாம். தம்பி விலக முடியாது. வக்கீலின் கூலியோ அண்ணனுக்குக் கிடைக்கும் ரொக்கத்தைப் பொறுத்தது. அந்த வக்கீல் தம்பிக்காக எவ்வளவு தொண்டை கிழியப் பேசுவார்? ஏற்கெனவே கார்டு வாங்கிய கடைகள் அண்ணன். இனிமேல் வாங்கப்போகும் கடைகள் தம்பி. அன்றைக்குத் திறக்கப்படாத கடைகள்கூட அந்த உடன்பாட்டில் கட்டுண்டு கிடந்தன.

அதன்பிறகு வழக்கை இரண்டாகப் பிரித்தார்கள். பணப் பகுதி தனி. அதில் குறைந்தது 554 கோடி டாலர், 2019 டிசம்பரில் ஒப்புதல், 2023 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் நின்றது. அதில் வக்கீல்களுக்கு மட்டும் சுமார் 52 கோடி டாலர் என்பதையும் பெருமூச்சோடு சொல்லிவிடுகிறேன். மீன்பெட்டிக்கு அடியில் போனது இந்தப் பகுதியின் கடிதம்.

விதிகளைப் பற்றிய பகுதி இன்னும் முடியவில்லை. 2024 மார்ச்சில் ஓர் உடன்பாடு கொண்டுவந்தார்கள்: மூன்று வருடத்துக்கு 0.04 சதவீதப் புள்ளி குறைப்பு, ஐந்து வருடத்தில் 3,000 கோடி டாலர் மிச்சம் என்று முழக்கம். அந்த ஜூனிலேயே நீதிபதி மார்கோ பிரோடி ஏற்க மறுத்துவிட்டார். முக்கியக் காரணம், 'எல்லாக் கார்டையும் வாங்கு' விதியை அது தொடவே இல்லை. இந்த வாரம் வந்திருப்பது அந்த விதியைக் கொஞ்சம் கீறிப் பார்க்கிறது. அந்த அளவுக்கு இது புதியதுதான். கீறல் போதுமா என்பதுதான் சண்டை. தேசிய சில்லறை வணிகர் கூட்டமைப்பு போதாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டது.


புள்ளிவேட்டை (சான் ஹோசே)
15 நவம்பர், மாலை 4.02

எல்லோரும் கடைக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். போன கோடையில் நாங்கள் நான்கு பேர் சென்னைக்குப் போய்வந்த டிக்கெட் முழுக்கக் கார்டுப் புள்ளிதான். வருடம் முழுக்க அரிசி, பருப்பு முதல் பல் மருத்துவர்வரை ஒரே கார்டில் தேய்த்துச் சேர்த்தது. மாதக் கடைசியில் முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறேன். ஒரு சென்ட் வட்டி கொடுத்ததில்லை. இதில் யாரை ஏமாற்றினேன்? கடைக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் விலையில் ஏற்றிக்கொள்ளட்டும்.


மளிகைக்காரன்
15 நவம்பர், இரவு 11.10

ஏற்றித்தான் வைத்திருக்கிறேன் ஐயா. உங்களுக்கு மட்டும் ஏற்றவில்லை என்பதுதான் தொல்லை. என் கடையில் சாமான் இறக்கும் பையனிடம் கிரெடிட் கார்டு கிடையாது. சனிக்கிழமை சம்பளத்தை ரொக்கமாக நீட்டி அவனும் அதே விலைக்குத்தான் பொன்னி அரிசி வாங்கிப் போகிறான். உங்கள் விமானத்தில் அவன் ஒரு இருக்கைக் கைப்பிடியாவது வாங்கிக் கொடுத்திருப்பான்.


கணக்கன் (சிகாகோ)
16 நவம்பர், காலை 9.30

வங்கியில் கார்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வில்லன் தரப்பு சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். கடைக்காரர் கட்டும் கட்டணத்தில் பெரும்பகுதி விசாவுக்குப் போவதில்லை. கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அதற்குப் பெயர்தான் இன்டர்சேஞ்ச். விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் சிறிய துண்டு, இயந்திரம் கொடுத்த நிறுவனத்துக்கு இன்னொரு துண்டு. ஆனால் வங்கி வாங்கும் தொகையின் விகிதத்தை நிர்ணயிப்பது விசாவும் மாஸ்டர்கார்டும். வாங்குபவன் ஒருவன், விலை வைப்பவன் இன்னொருவன், கொடுப்பவன் மூன்றாமவன். வழக்கின் முழுக் குடலும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரண்டு துணிக்கடைகள் எதிரெதிரே இருந்தால் ஆடித் தள்ளுபடியில் விலை இறங்கும். இங்கே போட்டியால் விலை ஏறும். விசாவுக்கு வாடிக்கையாளர் யார்? கடைக்காரர் இல்லை, வங்கி. 'என் சின்னத்தை அச்சிடு, உனக்கு நான் அதிக இன்டர்சேஞ்ச் வாங்கித் தருகிறேன்' என்று விசா சொன்னால், மாஸ்டர்கார்டு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். வங்கி அதில் ஒரு பகுதியைப் புள்ளியாகக் கொடுத்து புள்ளிவேட்டை ஐயாவைப் பிடிக்கும். மேல் ரகக் கார்டு, அதற்கும் மேல் ரகம் என்று அடுக்கடுக்காக வந்தது இப்படித்தான். நான் இருந்த காலத்தில் கூட்டங்களில் கடைக்காரர் என்ற சொல்லே அபூர்வமாகத்தான் வரும். அவர் எங்கே போவார் என்ற தைரியம். 'எல்லாக் கார்டையும் வாங்கு' விதி கொடுத்த தைரியம் அது.

இப்போது எங்கள் பக்கத்து நியாயம். 1958இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பேங்க் ஆஃப் அமெரிக்கா கேட்காதவர்களுக்கெல்லாம் அறுபதாயிரம் கார்டுகளைத் தபாலில் அனுப்பித் தொடங்கிய வியாபாரம் இது. பிறகு ஆயிரக்கணக்கான வங்கிகள் சேர்ந்தன. ஒரு வங்கியின் கார்டு இன்னொரு வங்கியின் கடையில் செல்ல வேண்டுமானால் நடுவில் ஏதாவது ஒரு பொது விகிதம் வேண்டும். ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு வங்கியோடும் பேரம் பேச முடியாது. 1986இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே காரணத்தைச் சொல்லித்தான் விசாவின் இன்டர்சேஞ்ச் செல்லும் என்றது. கடைக்காரர்கள் இன்றும் மோதுவது அந்தச் சுவரில்தான். ஆனால் அப்போது விசா வங்கிகளின் கூட்டமைப்பு. மாஸ்டர்கார்டு 2006இலும் விசா 2008இலும் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டன. பழைய காரணத்தைப் புதிய உடம்புக்கு மாட்டலாமா என்று கேட்டால் எனக்கே சங்கடம்தான்.

இன்னொன்றையும் கடைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். என் அப்பா விருதுநகரில் கடை வைத்திருந்தார். 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகைக்குக் கீழேயே கடன் நோட்டும் தொங்கும். அந்த நோட்டில் திரும்பி வராத பக்கங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். இன்று மளிகைக்காரருக்கு மறுநாளே பணம் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் கட்டாமல் ஓடினால் நஷ்டம் வங்கிக்கு. அந்தப் பலகையை நாங்கள் வாங்கிக்கொண்டோம். அதற்கு ஒரு கூலி உண்டு. கூலி இவ்வளவா என்று கேளுங்கள். கூலியே கூடாது என்று சொல்லாதீர்கள்.


லண்டன் வெங்காயம்
16 நவம்பர், மாலை 3.45 (எங்கள் நேரம்)

கூலி எவ்வளவு என்றுதானே கேள்வி? ஐரோப்பாவில் 2015இல் சட்டமே போட்டுவிட்டார்கள்: டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3. உங்கள் ஊரில் 1.25ஐ வெற்றி என்கிறீர்கள். எங்கள் கடை மூடிவிடவில்லை, வங்கிகளும் மூடிவிடவில்லை. புள்ளிகள் மட்டும் வற்றிப்போயின.

அந்தச் சட்டத்துக்கு முன்னால் ஒரு நீண்ட வழக்கு. 2007இல் ஐரோப்பிய ஆணையம் மாஸ்டர்கார்டின் எல்லைதாண்டிய கட்டணம் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்றது. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பிறகு இங்கே கடைகள் வரிசைகட்டின. 2016இல் சைன்ஸ்பரிஸ் கடைக்கு மாஸ்டர்கார்டு 6.8 கோடி பவுண்டுக்கு மேல் தர வேண்டும் என்று போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தீர்த்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றமும் கடைகள் பக்கம். இந்த வருடம் ஜூனிலும் நூற்றுக்கணக்கான வணிகர்களின் வழக்கில் தீர்ப்பாயம் விசா, மாஸ்டர்கார்டு இரண்டுக்கும் எதிராகச் சொல்லிவிட்டது.

வாங்குபவர்களுக்காகப் போட்ட வழக்கின் கதிதான் பாவம். கடைகள் ஏற்றிய விலை கடைசியில் மக்கள் தலையில்தானே விழுந்தது என்று ஒரு முன்னாள் நிதிக் குறைதீர்ப்பாளர் நாட்டு மக்கள் ஏறக்குறைய எல்லோருக்குமாக 1,400 கோடி பவுண்டு கேட்டார். முடிந்தது 20 கோடியில். யானை கேட்டு எலியோடு திரும்பிய கதை. வழக்குக்குப் பணம் போட்டவர்களே போதாது என்று சண்டைக்கு வந்தார்கள்.

அப்புறம், கார்டை மறுக்கலாமா என்ற மளிகைக்காரர் கேள்விக்கு: அமேசானே மிரட்டிப் பார்த்தது. பிரிட்டனில் கொடுத்த விசா கிரெடிட் கார்டுகளை 2022 ஜனவரி 19 முதல் வாங்க மாட்டோம் என்றது. இரண்டு நாள் முன்னால் நிறுத்திவைத்து, அடுத்த மாதம் சமாதானமாகிவிட்டது. கனடாவில் வால்மார்ட் 2016இல் சில ஊர்க் கடைகளில் உண்மையாகவே விசாவை நிறுத்தியது. அடுத்த ஜனவரியில் கைகுலுக்கிவிட்டார்கள். அவர்கள் மறுப்பது பேரத்துக்காக. உங்களுக்கு எதிரே பேரம் பேச யார் உட்காரப் போகிறார்கள்?


சிட்னிவாசி
17 நவம்பர், காலை 8.10

இங்கே 2003 முதலே உச்சவரம்பு உண்டு. கட்டணத்தைத் தனியாக வாடிக்கையாளரிடம் வாங்கவும் அனுமதி. கேட்கச் சுகமாக இருக்கும். ஒரு தோசைக்குக்கூடப் பில்லின் அடியில் ஒன்றரை சதவீதம் ஏறி நிற்பதைப் பார்த்துப் பார்த்து மக்கள் வெறுத்துப்போய், இந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி அந்தத் தனி வசூலையே நிறுத்தலாம் என்று முன்மொழிந்திருக்கிறது.


மளிகைக்காரன்
17 நவம்பர், இரவு 10.55

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம். மறுப்பது இருக்கட்டும். 'அம்மா, வேறு கார்டு இருக்கிறதா?' என்று வாய்விட்டுக் கேட்கவாவது எனக்கு உரிமை இருக்கிறதா? கடை திறந்த புதிதில் இயந்திரம் கொடுக்க வந்தவர், அப்படிக் கேட்டால் ஒப்பந்த மீறல் என்று பயமுறுத்தியது இன்னும் காதில் இருக்கிறது.


வழக்குவாசகி
18 நவம்பர், பகல் 12.30

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம்வரை போன பதில் இருக்கிறது, சொல்கிறேன்.

2010இல் அமெரிக்க நீதித்துறை விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் (அமெக்ஸ்) என்ற மூன்று கார்டு நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டது. விசாவும் மாஸ்டர்கார்டும் உடனே இறங்கிவந்தன: மலிவான கார்டுக்குத் தள்ளுபடி கொடுக்கலாம், வேறு கார்டு கேட்கலாம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் மாட்டேன் என்று நின்றது. அதன் விதிப்படி, அமெக்ஸ் வாங்கும் கடையில் காசாளர் இன்னொரு கார்டைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லக் கூடாது. 2015இல் கீழ் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அமெக்ஸ் வென்றது. 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அமெக்ஸ் பக்கமே சாய்ந்தது.

நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பின் தர்க்கம் இது: கார்டு என்பது இரண்டு பக்கச் சந்தை. ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் கார்டு வைத்திருப்பவர். கடைக்கு ஏற்றினார்கள் என்று மட்டும் காட்டினால் போதாது. அந்தப் பக்கம் புள்ளியாகக் கொடுத்ததையும் சேர்த்துக் கூட்டி, மொத்தத்தில் கேடு என்று நிரூபிக்க வேண்டும். நீதிபதி ஸ்டீபன் பிரையர் இதை ஒப்பவில்லை. இரண்டும் வேறு வேறு சேவை, ஒன்றாகக் கலக்காதீர்கள் என்பது அவர் வாதம். எனக்கு பிரையர் பக்கம்தான். சாமான் இறக்கும் பையன் அந்த இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கமும் இல்லை. தராசில் அவனுக்குத் தட்டே வைக்கவில்லை.

ஆக, விசா, மாஸ்டர்கார்டு வைத்திருப்பவரிடம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ரொக்கத்துக்குத் தள்ளுபடியும் தரலாம். கார்டுக்குக் கூடுதல் வசூல் என்றால் மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் மாசசூசெட்ஸில் கிரெடிட் கார்டுக்கு அது கூடாது.


மயிலாப்பூர் வாசகன்
18 நவம்பர், இரவு 11.40 (எங்கள் நேரம்)

கீரைக்காரம்மா யூபிஐ குறியீட்டு அட்டையைக் கூடையில் சொருகி வைத்திருக்கிறார். 2020 ஜனவரி முதல் யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கட்டணமே கிடையாது. நீங்கள் அங்கே இருபது வருடமாக வழக்காடிக்கொண்டிருக்கிறீர்கள்.


கணக்கன்
18 நவம்பர், பகல் 1.05

வாசகரே, கீரைக்காரம்மா கட்டவில்லை, சரி. அந்தக் கணினிகளுக்கு மின்சாரம் யார் கட்டுகிறார்கள்? வங்கிகளுக்கு மத்திய அரசு வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ஊக்கத்தொகை என்று கொடுக்கிறது. வரி கட்டுபவர் தலையில் இறங்கியிருக்கிறது. அது கெட்டது என்று சொல்லவில்லை. இலவசம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.


பங்க்காரர்
19 நவம்பர், காலை 5.50

டெபிட் கார்டு கேட்டால் மிச்சம் என்று மளிகைத் தம்பி நினைக்கலாம். பொறுங்கள், அங்கேயும் ஒரு பள்ளம்.

2010இல் செனட்டர் டிக் டர்பின் கொண்டுவந்த திருத்தத்தால் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுக்கு வரம்பு வந்தது. அதற்குமுன் சராசரியாக ஒரு முறைக்கு 44 சென்ட். 2011 அக்டோபர் முதல் 21 சென்ட், அதோடு தொகையில் 0.05 சதவீதம், மோசடித் தடுப்புக்கு 1 சென்ட். என் பங்கில் 40 டாலருக்குப் பெட்ரோல் போட்டால் 24 சென்ட். கிரெடிட்டோடு ஒப்பிட்டால் சொர்க்கம். ஆனால் 2 டாலர் 79 சென்ட் கறிவேப்பிலைக்கு? அதற்கும் 22 சென்ட், இயந்திரக்காரர் பங்கு தனி! சிறிய தொகைக்கு முன்பு குறைவாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள், சட்டம் சொன்ன உச்சத்தையே விலையாக்கிவிட்டார்கள். உங்கள் உலோகக் கார்டே அந்த இடத்தில் மலிவு.

அந்த 21 சென்டை எதிர்த்து வழக்குப் போட்டது யார் தெரியுமா? வடக்கு டகோட்டாவில் வாட்ஃபோர்டு சிட்டி என்ற சிற்றூரில் லாரிகள் நிற்கும் ஒரு பங்க், கார்னர் போஸ்ட். திறந்ததே 2018இல். 2011 விதியை எதிர்க்க ஆறு வருடக் கெடு முடிந்துவிட்டது என்று அரசு சொன்னது. 'நான் பிறப்பதற்கு முன்பே என் கெடு எப்படி முடியும்?' என்பது அவர்கள் வாதம். 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவர்கள் பக்கம் நின்றது. இந்த ஆகஸ்டில் வடக்கு டகோட்டா நீதிமன்றம் அந்த 21 சென்ட் விதியையே ரத்து செய்து, மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறது. நாடு முழுக்கப் பெரிய சங்கங்கள் இருக்க, லாரி ஓட்டுநர்களுக்குக் காப்பி விற்கிற ஒரு பங்க் பெயரில் வழக்கு. எங்கள் இனம் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது.

தம்பி, அதே 2010 சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: கிரெடிட் கார்டுக்குக் குறைந்தது 10 டாலர் வாங்க வேண்டும் என்று பலகை வைக்கலாம். டெபிட்டுக்கு வைக்கக் கூடாது.


மளிகைக்காரன்
22 நவம்பர், இரவு 11.35

பலகை வைத்துப் பார்த்தவன்தான் அண்ணா. மூன்று வாரத்தில் எடுத்துவிட்டேன். கறிவேப்பிலைக்கு வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போனவர்கள் அரிசியையும் அங்கேயே வாங்கினார்கள்.

நான்கு நாளாக ஒரு வேலை செய்தேன். கார்டு நிறுவனம் அனுப்பும் மாதக் கணக்கை இதுவரை கடைசிப் பக்கத்து மொத்தம் மட்டும் பார்த்து மடித்து வைப்பேன். இந்த முறை அக்டோபர் கணக்கை எடுத்து, ஒவ்வொரு வரியாக நானும் மனைவியும் அடிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு படித்தோம். பன்னிரண்டு பக்கம். தேய்த்த ஒவ்வொரு கார்டும் எந்த ரகத்தில் விழுந்தது என்று அதில் சுருக்கெழுத்தில் இருக்கிறது. மனைவி மஞ்சள் பேனாவால் உயர்ரகக் கார்டுகளுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். எட்டாம் பக்கத்தில் பேனா காய்ந்துவிட்டது.

தீபாவளி மாதம் அது. கார்டில் வந்த தொகையில் பாதிக்கு மேல் மஞ்சள். நிறுவனக் கார்டு வரிகளும் இருந்தன. பக்கத்துத் தெரு அலுவலகங்கள் பலகாரம் வாங்கியவை. 1.25 சதவீத உச்சவரம்பு கிடைக்கும் சாதாரணக் கார்டு என்று பார்த்தால், எண்ணிக்கையில் அல்ல, தொகையில் ஏழில் ஒன்றுகூட இல்லை. மஞ்சளை மறுக்கலாம் என்கிறது உடன்பாடு. மறுத்தால் 180 டாலருக்கு ஸ்வீட்டும் காரமும் வாங்கிய குடும்பத்தை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். வரிசையில் ஏழு பேர் நிற்கும்போது, 'உங்கள் விசா ஆகும், உங்கள் விசா ஆகாது' என்று நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். மறுக்கும் உரிமையை மொத்தமாகக் கொடுத்திருக்கிறார்கள். 'இந்தக் கார்டுக்கு இந்த விலை கட்டுப்படியாகாது, குறைத்துக்கொள்' என்று அந்தந்த வங்கியிடம் கேட்கும் உரிமைதான் எனக்கு வேண்டும். அது இதில் இல்லை.

0.1 புள்ளி குறைந்தால் என் அக்டோபர் கணக்கில் எவ்வளவு என்றும் போட்டுப் பார்த்தோம். 41 டாலர் சொச்சம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

வழக்குவாசகி அம்மா, நீதிமன்றத்துக்கு ஆட்சேபக் கடிதம் என்னைப் போன்ற ஒரு கடைக்காரன் எழுதலாமா? எழுதினால் யாராவது படிப்பார்களா?


வழக்குவாசகி
23 நவம்பர், காலை 10.20

எழுதலாம். வழக்கில் அடங்கும் கடைக்காரர் யாரும் எழுதலாம். அறிவிப்பு வரும்போது நாளும் முகவரியும் அதிலேயே இருக்கும். இந்த முறை மீன்பெட்டியிடம் கொடுத்துவிடாதீர்கள்.

படிப்பார்களா என்றால், 2016இல் பழைய உடன்பாடு ரத்தானதே ஆட்சேபித்த கடைகள் விடாமல் மேல்முறையீடு போனதால்தான். சங்கங்களின் வக்கீல்கள் பொருளாதார வாதத்தைப் பார்த்துக்கொள்வார்கள். உங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லாத பொருள்: அந்தப் பன்னிரண்டு பக்கம். மஞ்சள் கோட்டோடு பிரதி எடுத்து, கடையின் பெயர், கார்டு வாங்கத் தொடங்கிய வருடம், சாதாரணக் கார்டின் பங்கு எவ்வளவு, 0.1 புள்ளியில் மிச்சம் எவ்வளவு, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கோபத்தைக் குறையுங்கள். கறிவேப்பிலைக் கதையை எடுத்துவிடலாம். நீதிபதிக்கு அது என்னவென்று தெரியாது.


மளிகைக்காரன்
23 நவம்பர், இரவு 11.02

எழுதத் தொடங்கிவிட்டேன். கோபத்தைக் குறைத்திருக்கிறேன். கறிவேப்பிலையை எடுக்கவில்லை. வேண்டுமானால் ஒரு இணுக்கு உள்ளே வைத்து அனுப்புகிறேன்.